கொண்டைச் சவாரோ: பாலைவனத்தில் அரிய கள்ளிகளைத் தேடுதலும் படமெடுத்தலும்

பாலைவனத்துக் கள்ளிகளுள் இயல்பான வடிவத்தினின்றும் மாறுபட்டவற்றைத் தேடிக் கண்டு, அவற்றைப் புகைப்படத்தில் பதிவு செய்வது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் பலர் மேற்கொண்டுள்ள பணியாகும். தாவர நூலாரும், பூங்காக் காவலரும், ஆசிரியரும், ஓய்வு பெற்ற முதியோரும் இதில் ஈடுபடுகின்றனர். வெளித்தோற்றத்திற்கு இது பொழுதுபோக்கே. ஆயினும் முறைப்படி எடுத்த ஒரு படம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு காட்டின் வரலாற்றையே மாற்றி எழுதக்கூடும். முறை தவறி வெளியிட்ட ஒரு படமோ அச்செடியின் அழிவிற்கே காரணமாகக்கூடும். ஆகவே இப்பணியின் முறைகளைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். நம் நாட்டுத் தாவரங்களைப் பதிவு செய்வதற்கும் இம்முறைகள் பொருந்தும்.

கள்ளியும் கள்ளி போன்றவையும்

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தமிழில் 'கள்ளி' என்னும் சொல் இருவேறு தாவரக் குடும்பங்களுக்குப் பொதுவாக வழங்குகின்றது. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி முதலியன யூபோர்பியாக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆமணக்கின் உறவினம். இவற்றைக் கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியோ காக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைக் கீறினால் வழுவழுப்பான நீர் கசியுமேயன்றி, யூபோர்பியாவின் வெண்பால் வடியாது.

பாலின்றி அறியவும் வழியுண்டு. காக்டஸ் குடும்பத்துச் செடிகளில் முட்கள் தண்டிலிருந்து நேராக எழுவதில்லை. பஞ்சு ஒட்டியது போன்ற ஒரு சிறு திண்டிலிருந்து கொத்தாக எழுகின்றன. மலரும் கிளையும் அத்திண்டிலிருந்தே தோன்றும். இதனை முள்திண்டு என்று கூறலாம். முள்திண்டு காணப்பெறின் அது காக்டஸ், இல்லையெனின் அன்று. இந்த ஓர் அடையாளமே போதுமானது.

காக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. மரக்கிளைகளில் தொற்றி வளரும் ரிப்சாலிஸ் என்னும் ஒரு சிற்றினம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகின்றது. நம் இராஜஸ்தானத்தின் பாறைக் குன்றுகளில் புதர் புதராக நிற்கும் 'தண்டா தோர்' என்பதைக் காண்போர் அதனைக் காக்டஸ் என்றே எண்ணுவர். அது யூபோர்பியா கடுசிபோலியா. ஒரே வகையான வறட்சியைத் தாங்க வேண்டிய தேவையால், உறவில்லாத இரு குடும்பங்கள் ஒரே வகையான உருவத்தை அடைந்துள்ளன. பரிணாமப் பாடத்தில் மாணவர்க்குக் காட்டத்தக்க தக்க சான்று இது.

சவாரோவின் வாழ்க்கை

அரிய வடிவங்களுள் மிகுதியாகத் தேடப்படுவது கொண்டைச் சவாரோ ஆகும். இதை அறிவதற்கு முன் இயல்பான சவாரோவை அறிய வேண்டும். 1848-இல் எங்கல்மன் இதற்குச் செரியஸ் ஜைகாண்டியஸ் என்று பெயரிட்டார். 1908-இல் பிரிட்டன், ரோஸ் என்னும் இருவர் இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்து, ஆண்ட்ரூ கார்னெகியின் பெயரால் கார்னெகியா ஜைகாண்டியா என்று வழங்கினர். கார்னெகி நிறுவனம் 1903-இல் டூசான் நகரத்தருகே டுமாமாக் குன்றில் பாலைவன ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவியிருந்தது.

சொனோரப் பாலைவனமே இதன் தாயகம். அதாவது அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியும் மெக்சிகோவின் சொனோரா மாநிலமும் ஆகும். கலிபோர்னியாவில் கொலராடோ ஆற்றையடுத்துச் சில மட்டும் உண்டு. முதல் எட்டு ஆண்டுகளில் இது மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரமே வளர்கின்றது. ஏறத்தாழ 35 வயதில் பூக்கத் தொடங்குகின்றது. முதற்கிளை தோன்ற 50 முதல் 70 ஆண்டுகள் வரை ஆகும். மழை குன்றிய இடங்களில் நூறாண்டும் ஆகலாம். 12 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்து, 150 ஆண்டுகளுக்கு மேல் வாழும்.

தண்டின் மேற்பரப்பு துருத்தியின் மடிப்புப் போன்று அமைந்துள்ளது. மழை பெய்ததும் மடிப்புகள் விரிந்து நீரை ஏற்கின்றன, வறட்சியில் சுருங்குகின்றன. வேர்கள் பெரும்பாலும் தரையின் மேற்பகுதியிலேயே, ஒரு சாண் ஆழத்திற்குள், செடியின் உயரமளவிற்கு நாற்புறமும் படர்ந்துள்ளன. எனவே சிறு மழையும் வீணாவதில்லை.

மலர்கள் மே, ஜூன் மாதங்களில் இரவில் விரிந்து மறுநாட் பிற்பகலில் மூடிக்கொள்ளும். வௌவால்களும், வெண்சிறகுப் புறாக்களும், தேனீக்களும் மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. ஒரு கனியில் ஈராயிரம் விதைகள் வரை இருக்கும். டொகோனோ ஓதம் என்னும் பழங்குடி மக்கள் கோடை முடிவில், காய்ந்த சவாரோவின் உள்விலாக் கழிகளை இணைத்துச் செய்த நீண்ட தொரட்டியால் கனிகளைப் பறித்துப் பாகு காய்ச்சுகின்றனர். மழையை வரவேற்கும் சடங்கிற்குரிய மதுவையும் இதனின்றே வடிக்கின்றனர். அம்மக்களுக்கு இது வெறும் செடியன்று. ஆண்டின் தொடக்கத்தை அறிவிக்கும் உறவு.

விழும் விதைகளுள் மிகச் சிலவே நாற்றாகின்றன. அவையும் பாலோ வெர்டே, மெஸ்கீட் முதலிய மரங்களின் நிழலில் முளைத்தவையாயின் பிழைக்கும். கடும் வெயிலினின்றும், உறைபனியினின்றும், விலங்குகளின் வாயினின்றும் அம்மரங்கள் இதனைக் காக்கின்றன. இவற்றைச் செவிலி மரங்கள் என்பர். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்ப் பயன்படும்.

கொண்டை தோன்றும் விதம்

இயல்பான சவாரோவின் உச்சியில் வளர்முனை ஒன்று உண்டு. அது புள்ளி போன்றது. அப்புள்ளியினின்று எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகத் திசுக்கள் உருவாவதால் தண்டு உருளையாக உயர்கின்றது. சில செடிகளில் இப்புள்ளி பக்கவாட்டில் நீண்டு கோடாகி விடுகின்றது. கோட்டின் நீளம் முழுவதும் வளர்ச்சி நிகழ்வதால், தண்டு உருளையாக எழாமல் விசிறி போல விரிகின்றது. கோடு நீள நீள இடம் போதாமல் மடிந்து நெளிகின்றது. அதுவே கொண்டை. சேவலின் கொண்டையோடு இதற்குள்ள ஒப்புமையைப் பார்த்த அளவிலேயே உணரலாம்.

கொண்டை நடுத்தண்டின் உச்சியில் தோன்றலாம். ஒரு கிளையில் மட்டும் தோன்றலாம். ஆள் உயரச் செடியிலும் உண்டு. நூறாண்டு கண்ட செடியிலும் உண்டு. கொண்டையின் விளிம்பில் வரிசையாகப் பூக்கள் மலர்ந்து கனி தருதலும் உண்டு. கொண்டையினின்று இயல்பான கிளைகள் எழுதலும் உண்டு. இத்தகைய செடி பதினாயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்னும் அரிது என்று கூறுவோரும் உளர்.

காரணம் யாது? உறைபனி வளர்முனையைத் தாக்குதல், மின்னல், பூச்சிக் காயம், உயிரணுவில் தோன்றும் மாறுதல் எனப் பலவும் சொல்லப்பட்டுள்ளன. ஒன்றும் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. அருகருகே நின்று ஒரே பனியைத் தாங்கிய நூறு செடிகளுள் ஒன்று மட்டும் கொண்டையாவது ஏன் என்னும் வினாவிற்கு இன்னும் விடையில்லை. கொண்டைச் சவாரோவின் விதைகளிலிருந்து பெரும்பாலும் இயல்பான செடிகளே வளர்கின்றன என்பது மட்டும் தெளிவு.

இதனை நம் தோட்டத்துக் கோழிக்கொண்டைப் பூவோடு ஒப்பிடுக. அதுவும் வளர்முனை கோடாக நீண்டதன் விளைவே. ஆயின் கோழிக்கொண்டையில் இப்பண்பு விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது. ஒரே தோற்றம், ஒன்றில் மரபுவழி வருவது, மற்றொன்றில் பெரும்பாலும் அவ்வாறு வாராதது. தோற்றம் ஒன்றாயினும் காரணம் ஒன்றாக இருத்தல் வேண்டுமென்பதில்லை என்னும் பாடத்தை வகுப்பறையிலேயே ஒரு தொட்டிச் செடியைக் கொண்டு கற்பிக்கலாம்.

தேடும் முறை

காட்டில் மனம்போன போக்கில் அலைந்து திரிவதால் பயனில்லை. கீழ்க்காணும் முறைகளைத் தேர்ந்த தேடுநர் கையாளுகின்றனர்.

முதலாவது, இடத்தைத் தேர்தல். சவாரோ சமவெளியின் நுண்மண்ணில் குறைவாகவும், மலையடிவாரத்துச் சரளைச் சரிவுகளில் மிகுதியாகவும் வளர்கின்றது. குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில் தேங்கி நிற்பதால் அங்கு உறைபனி மிகுதி. தெற்கு நோக்கிய சரிவுகள் வெப்பமுடையவை. ஆகவே நிலப்படத்தில் அத்தகைய சரிவுகளை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பருவம். நவம்பர் முதல் மார்ச்சு வரை தக்க காலம். கோடையில் வெப்பம் 40 பாகைக்கு மேல் செல்லும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் மழையால் வறண்ட ஓடைகள் நொடியில் பெருக்கெடுக்கும். எங்கோ தொலைவில் பெய்த மழையும் இங்கு வெள்ளமாக வரும். ஓடைப்படுகையில் தங்குதல் ஆகாது.

மூன்றாவது, பார்வை. மேடான ஓரிடத்தில் நின்று இருகண் தொலைநோக்கியால் சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்து, இடமிருந்து வலமாகவும் பின்னர் வலமிருந்து இடமாகவும் நோக்க வேண்டும். வானத்தின் எதிரே தெரியும் உச்சிகளை முதலில் பார்க்க வேண்டும். விசிறி வடிவம் பக்கவாட்டில் நோக்கினால் சாதாரணத் தண்டு போலவே தோன்றும். ஆகவே ஒரு சரிவை ஒரு திசையினின்று மட்டும் பார்த்து 'இங்கில்லை' என்று முடிவு செய்தல் கூடாது. எதிர்ப்புறத்தினின்றும் நோக்குதல் இன்றியமையாதது.

நான்காவது, குறிப்பு. காணாத நாளையும் எழுதி வைத்தல் வேண்டும். எந்தச் சரிவு, எத்தனை மணி நேரம், எத்தனை செடிகள் பார்க்கப்பட்டன என்பன இல்லையேல், கண்ட எண்ணிக்கையினின்று அரிமையைக் கணக்கிட இயலாது. பத்துக் கண்டோம் என்பது செய்தியன்று. ஆயிரம் பார்த்துப் பத்துக் கண்டோம் என்பதே செய்தி.

பாதுகாப்பைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஓராள் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் நீர் கொண்டு செல்ல வேண்டும். தனியே செல்லலாகாது. 'குதிக்கும் கள்ளி' என்று வழங்கும் வகையின் துண்டுகள் உராய்ந்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும்; அதன் முட்கள் பின்வளைந்த நுண்கொக்கிகளை உடையவை. கையால் பிடுங்க முயலாமல் தலைவாரும் சீப்பினை இடையே செருகித் தள்ளிவிட வேண்டும். பாறையிடுக்கில் பாராமல் கை வைத்தல் கூடாது. கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு.

தரையோடு தரையாக இருப்பவை

சவாரோ உயர்ந்து நிற்பதால் தொலைவிலிருந்தே தெரியும். வேறு சில கள்ளிகளோ காலடியில் இருந்தும் புலப்படா.

டெக்சாசின் பிக் பெண்டுப் பகுதியிலும் அதனையடுத்த மெக்சிகோவிலும் பரந்த சிவாவாப் பாலைவனத்தில் அரியோகார்பஸ் பிசுரேட்டஸ் வளர்கின்றது. 'உயிருள்ள கல்' என்பது இதன் வழக்குப் பெயர். முள்ளில்லை. சாம்பல் நிறமான, வெடிப்புற்ற முக்கோண முடிச்சுகள் சுண்ணாம்புக் கற்களின் இடையே கல்லாகவே கிடக்கும். வறட்சியில் தரைமட்டத்திற்குக் கீழே சுருங்கிவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் நடுவே இளஞ்சிவப்பு மலர் விரியும்போது மட்டும் கண்ணிற்படும். பூக்காலமே தேடுங்காலம் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

பெனியோசீரியஸ் கிரெகியை என்பது மற்றொன்று. பென்சில் பருமனுள்ள சாம்பல் நிறத் தண்டுகள் வேறு புதரின் காய்ந்த குச்சிகளோடு கலந்து நிற்கும். அடியில் பெரிய கிழங்கு. ஆண்டில் ஒரு சில நாட்களே, கோடை இரவில், மணமிக்க வெண்மலர் விரிந்து காலையில் வாடிவிடும். இதனை மலரற்ற நாளில் காண்பது அனுபவமுடையோர்க்கும் அரிது.

மூன்றாவது, மெக்சிகோவின் பாகா கலிபோர்னியாவைச் சேர்ந்த லோபோசீரியஸ் ஷாட்டை என்னும் கள்ளியின் விகார வடிவம். இயல்பான செடியில் நேரான விலாக்களும் முட்களும் உண்டு. விகார வடிவத்திலோ விலாக்கள் ஒழுங்கிழந்து, மெழுகு உருகி வழிந்தாற் போன்ற முட்டுகளாகி, முட்களும் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றன. விழுந்த தண்டுகள் வேரூன்றுவதாலேயே இது பெருகுகின்றது. ஆகவே ஒரு கூட்டம் முழுவதும் ஒரே செடியின் துண்டுகளாக இருக்கக்கூடும். எண்ணிக்கை மிகுதியாயினும் மரபுவகையில் ஒன்றே என்பது பாதுகாப்பைக் கருதுவோர் மறவாது கொள்ளத்தக்கது.

படமெடுக்கும் முறை

அழகிற்காக எடுக்கும் படம் வேறு. சான்றிற்காக எடுக்கும் படம் வேறு. இரண்டும் ஒரே படத்தில் அமைந்தால் நன்று. அமையாதவிடத்துச் சான்றுப் படத்தை முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஒரு செடிக்குக் குறைந்தது ஐந்து படங்கள் தேவை. முதற்படம், செடியும் அதன் சூழலும். பின்னணியில் மலையின் விளிம்பு தெரிதல் நலம். இரண்டாவது, செடி முழுவதும். அருகில் அளவுகோலோ, உயரம் தெரிந்த ஒருவரோ நிற்க வேண்டும். மூன்றாவது, கொண்டையின் அகன்ற முகம். நான்காவது, அதற்குச் செங்குத்தான பக்கத்தோற்றம். இதனால்தான் விசிறியின் தடிப்புத் தெரியும். ஐந்தாவது, முள்திண்டு, முட்கள், மலர் அல்லது கனி ஆகியவற்றின் அண்மைப் படம். இனத்தை உறுதி செய்ய இதுவே உதவும்.

ஒளியைப் பொறுத்தவரை, காலையும் மாலையும் சாய்ந்து விழும் வெயில் விலாக்களின் மடிப்பை நிழலால் எடுத்துக் காட்டும். நண்பகலில் மேலிருந்து விழும் வெயிலில் கொண்டையின் நெளிவுகள் தட்டையாகிவிடும். செடிக்குப் பின்னே கதிரவன் இருப்பின் முட்கள் ஒளிவிளிம்பு போல மின்னும். காட்சிக்கு அழகேயன்றி உருவ விவரம் இருளில் மறையும். தரையோடு ஒட்டிய சிறு கள்ளிகளுக்குக் கடும் வெயிலை ஒரு வெண்துணியாலோ குடையாலோ மட்டுப்படுத்திக்கொள்ளலாம். கருவியை முக்காலியில் நிறுத்தி, ஒளித்துளையைச் சிறிதாக்கி எடுத்தால் முன்னும் பின்னும் தெளிவாக விழும்.

செய்யத்தகாதன சில உண்டு. படத்திற்காகச் செடியைச் சுற்றியுள்ள கற்களை அகற்றலாகாது. அவை வேருக்கு நிழல் தருவன. மறைக்கும் கிளையை ஒடிக்கலாகாது. அது செவிலி மரமாக இருக்கலாம். செடியைக் கழுவுதலும், முள்ளை முறித்தலும், பூவைப் பறித்தலும் கூடா. ஒரே வழியில் பலர் நடந்தால் பாதை உண்டாகிவிடும். அப்பாதை பிறர்க்கு வழிகாட்டும்.

பழைய படம் உரைத்த சான்று

டூசான் நகரின் கிழக்கே அடர்ந்த சவாரோக் காடு இருந்தது. அதன் பொருட்டே 1933-இல் அப்பகுதி தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 1994-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அறிவிப்பு வந்த சில ஆண்டுகளிலேயே பெரிய செடிகள் அழுகி வீழ்வது கவனிக்கப்பட்டது. பாக்டீரியா நோயே காரணம் என்று கருதி, 1940-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நோயுற்றவற்றை வெட்டிப் புதைத்துச் சோதித்தனர். அழிவு நிற்கவில்லை. சில பத்தாண்டுகளில் காடே மறைந்துவிடும் என்ற அச்சம் நிலவியது.

இந்நிலையில் பழைய படங்கள் உதவின. ஹோமர் ஷான்ட்ஸ் என்பார் 1935-இல் எடுத்த படத்தின் அதே நிலையில் பின்னர் மீண்டும் மீண்டும் படமெடுக்கப்பட்டது. ஹேஸ்டிங்ஸ், டர்னர் என்னும் இருவர் இம்முறையைப் பாலைவனம் முழுமைக்கும் விரித்து, 1965-இல் ஒரு நூலாக வெளியிட்டனர். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, முதிய செடிகள் மறைந்தமை மட்டுமன்றி, அவற்றின் இடத்தை நிரப்ப இளஞ்செடிகள் இல்லாமையும் கண்ணெதிரே தெரிந்தது. விறகிற்காகச் செவிலி மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. நெடுங்காலம் மாடுகள் மேய்ந்திருந்தன. 1937, 1962, 1971, 1978 ஆகிய ஆண்டுகளின் கடும் உறைபனி முதிய செடிகளைத் தாக்கியிருந்தது. பனியால் மடிந்த திசுவிலேயே பாக்டீரியா பெருகியது எனவும், அது அழிவின் முதற்காரணமன்று எனவும் பிற்கால ஆய்வாளர் முடிவு செய்தனர்.

மேய்ச்சல் நின்று செவிலி மரங்கள் மீண்டதும் இளஞ்சவாரோக்கள் தோன்றின. 1990 முதல் பத்தாண்டுக்கொரு முறை அப்பூங்காவில் சவாரோக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. பொதுமக்களும் மாணவரும் அதில் பங்கு கொள்கின்றனர். அண்மைக் காலத்து நீண்ட வறட்சியில் இளஞ்செடிகள் மீண்டும் குறைந்துள்ளமையை அக்கணக்கெடுப்புக் காட்டுகின்றது.

1935-இல் படமெடுத்தவர், அப்படம் எந்த வினாவிற்கு விடையாகும் என்று அறிந்திருக்க இயலாது. ஆயினும் நாளும் இடமும் தெளிவாக இருந்தமையால் அப்படம் சான்றாயிற்று. இது களப்பணியாளர் நெஞ்சில் நிறுத்தற்பாலது.

இடத்தை மறைத்தல்

1,478 காக்டஸ் இனங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, அவற்றுள் நூற்றுக்கு 31 இனங்கள் அழியும் நிலையில் உள்ளன. அவ்வாறு அச்சுறுத்தப்பட்ட இனங்களுள் ஏறத்தாழப் பாதியைப் பாதிப்பது, அலங்காரத்திற்காகவும் சேகரிப்பிற்காகவும் செடியையும் விதையையும் காட்டிலிருந்து எடுத்தலேயாகும். 1975-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ்க் காக்டஸ் குடும்பத்தின் வாணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அரியோகார்பஸ் போன்றவை அதன் கடுமையான முதற்பட்டியலில் உள்ளன. அரிசோனாவின் சட்டம் கொண்டைச் சவாரோவைத் தனியே குறிப்பிட்டு, இயல்பான சவாரோவினும் உயர்ந்த பாதுகாப்பு வகுப்பில் வைத்துள்ளது. சவாரோ தேசியப் பூங்காவில் திருட்டிற்கு இலக்காகக்கூடிய செடிகளுள் நுண்சில்லுகள் பொருத்தப்பட்டுள்ளன. திருடப்பட்ட செடி எவ்விடத்ததென அவற்றால் மெய்ப்பிக்கலாம்.

இதனால் படமெடுப்போர்க்கு ஒரு கடமை உண்டாகின்றது. இன்றைய கைப்பேசி, படத்தோடு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளையும் தானே பதிவு செய்கின்றது. படத்தைப் பிறர்க்கு அனுப்பும்போது, அனுப்புவோர் அறியாமலே இடமும் சென்றுவிடும். ஆகவே இரு படிகள் வைத்துக்கொள்க. இடக்குறிப்புள்ள படி, ஆய்வு நிலையத்திற்கும் வனத்துறைக்கும் உரியது. இடக்குறிப்பு நீக்கிய படியே பொதுமக்கட்கு உரியது. கண்டு அடையாளம் கொள்ளத்தக்க குன்றின் உச்சியோ சாலைக் கல்லோ பொதுப் படியில் தெரிதல் கூடாது. மாவட்டத்தின் பெயரளவில் குறிப்பிட்டால் போதும். அறிவைப் பரப்புவதும் செடியைக் காப்பதும் இவ்விடத்தில் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஐயம் நேருமிடத்துச் செடியின் பக்கமே நிற்றல் வேண்டும். மறைத்த இடத்தைப் பின்னர் வெளியிடலாம், வெளியிட்டதை மறைக்க இயலாது.

நம் நாட்டில் செய்யத்தக்கது

இனத்தைச் சரியாக அறிதல் எத்துணை முக்கியம் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. 1795-இல் சாயம் எடுப்பதற்காகப் பிரேசிலிலிருந்து கல்கத்தாவிற்குக் கொச்சினீல் பூச்சி கொண்டுவரப்பட்டது. வந்தது சாயத்திற்குரிய இனம் அன்று. அதனையொத்த வேறோர் இனம். சாயம் தேறவில்லை. ஆயின் அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்தது. தென்னாட்டில் பரவியிருந்த மற்றொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தீண்டவில்லை. அதற்கென வேறோர் இனப் பூச்சி 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பின்னரே அதுவும் ஒடுங்கியது. பூச்சிக்குத் தெரிந்த இனவேறுபாடு மனிதர்க்குத் தெரியாதிருந்தது.

பணியாளர் செய்யத்தக்கன பின்வருவன:

1. தத்தம் பகுதியில் கள்ளி என வழங்குவன அனைத்தையும் ஐந்து படங்கள் வீதம் பதிவு செய்து, முள்திண்டு உண்டா இல்லையா எனக் குறித்து, இரு குடும்பங்களாகப் பிரிக்க. யூபோர்பியாவின் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும், மாணவரைக் கீறவிடலாகாது.

2. கொண்டையான தண்டு எச்செடியில் காணப்படினும் பதிவு செய்க. வேலிக் கள்ளியிலும் தோட்டச் செடிகளிலும் இது எதிர்பாராமல் தோன்றும்.

3. பள்ளிக்கருகே ஒரு கல்லை நட்டு, அதன்மீது கருவியை வைத்து, ஆண்டுதோறும் ஒரே நாளில் ஒரே திசையில் ஒரு படம் எடுக்க. நாள், நேரம், திசை, எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுக.

4. மகாராஷ்டிரத்துப் பாறைச் சரிவுகளில் மட்டும் வாழும் பிரெரியா இண்டிகா போன்ற அரிய சதைப்பற்றுச் செடிகளைக் காண நேரின், மேற்கூறிய இரு படி முறையைத் தவறாது கையாள்க.

5. இராஜஸ்தானத்தில் பணியாற்றுவோர், தண்டா தோர்ப் புதர்களின் நிழலில் எவ்வெச் செடிகள் முளைக்கின்றன என்று கணக்கிடுக. அங்கும் செவிலித் தாவரங்கள் உண்டா என்பதை இக்கணக்கு உணர்த்தும். வறள்நிலத் தாவரங்கள் பற்றிய ஐயங்களை, 1959 முதல் இப்பெயரோடு ஜோத்பூரில் இயங்கும் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையத்திற்கு எழுதிக் கேட்கலாம்.

ஒரு செடியை வேரோடு பெயர்த்து வீட்டுத் தொட்டியில் வைத்தவர் அச்செடியை மட்டும் பெறுகின்றார். அதன் குன்றும், செவிலி மரமும், வௌவாலும் அவர்க்குக் கிட்டுவதில்லை. முறைப்படி படமெடுத்தவரோ அனைத்தையும் பெற்று, செடியையும் அதன் இடத்திலேயே விட்டுச் செல்கின்றார்.

பயிற்சி வினாக்கள்

1. சதுரக்கள்ளி, சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றைக் கீறாமலே வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்?

2. வளர்முனை புள்ளியாக இருப்பதற்கும் கோடாக இருப்பதற்கும் உள்ள விளைவினை ஒரு களிமண் உருவத்தால் காட்டுக.

3. கோழிக்கொண்டைக்கும் கொண்டைச் சவாரோவிற்கும் உள்ள ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் கூறுக.

4. தேடியும் காணாத நாளின் குறிப்பு ஏன் தேவை?

5. சவாரோக் காட்டின் அழிவிற்கு முதலில் கூறப்பட்ட காரணம் யாது? பழைய படங்கள் அதனை எவ்வாறு திருத்தின?

6. நும் ஊரில் ஓர் அரிய செடி காணப்படுகின்றது எனக் கொள்க. நாளிதழில் வெளியிடப் படம் கேட்கின்றனர். எப்படத்தைக் கொடுப்பீர்? எதனை நீக்குவீர்?